இரேச்சல் கார்சன் அம்மையார்

பழனிமலையின் அடிவாரத்தில், கொடைக்கானலுக்கு ஏறிச் செல்லும் சாலையின் வாயிற்படியென விளங்குவது வத்தலக்குண்டு. வாழையும் தென்னையும் செழித்த இவ்வூர் இராஜமையரையும் சுப்பிரமணிய சிவாவையும் ஈன்ற பெருமையுடையது. ஆதலின் எழுதுகோலின் ஆற்றலை இவ்வூரார்க்கு நாம் புதிதாக எடுத்துரைக்க வேண்டுவதில்லை. எனினும், நாம் ஈண்டுக் கூறப் புகுந்தது இவ்வூரவர் ஒருவரின் சரிதமன்று. கடல் கடந்த அமெரிக்க நாட்டில் தோன்றி, கடலைப் பற்றியே எழுதி வாழ விரும்பி, காலத்தின் கட்டளையால் வேறொன்றைப் பற்றி எழுத நேர்ந்த ஓர் அம்மையாரின் சரிதமாகும். அவரை நம் ஊரோடு பிணைப்பது ஒரு வெண்ணிறப் பொடி.

1953-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் தேசிய மலேரியாத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கிற்று. அதன்பின் மருந்தடிக்கும் ஆட்கள் முதுகிலும் தோளிலும் கருவிகளைச் சுமந்து வீடுதோறும் புகுந்து, சுவர்களின்மேல் மருந்து தெளித்து, தெளித்த தேதியை வாயிற்சுவரில் எழுதிச் சென்றதை நம் முதியோர் இன்றும் நினைவுகூர்வர். எஞ்சிய பொடியைப் பேன் ஒழியக் குழந்தைகளின் தலையில் தேய்த்த தாய்மாரும் உண்டென்று கேட்டுள்ளோம். அவர்களை நாம் குறைகூற மாட்டோம். மலையடிவாரத்து ஊர்களில் குளிர்காய்ச்சல் எத்துணைக் கொடிய எமனாக நின்றதென்பதை அறிந்தவரே அப்பொடியின் அருமையை அறிவர். நாடு விடுதலை பெற்ற காலத்தில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 7½ கோடி மக்கள் அக்காய்ச்சலால் வருந்த, 8 லட்சம் பேர் மாண்டனர் என்பது அரசாங்கக் கணக்கு. 1965-ஆம் ஆண்டளவில் நோயுற்றோர் தொகை ஏறத்தாழ 1 லட்சமாகக் குறைந்தது. அவ்வெண்பொடியின் பெயர் டி.டி.டி. என்பதாம்.

அப்பொடியின் மறுபக்கத்தை உலகினர்க்குக் காட்டியவரே நம் சரிதத் தலைவியார்.

இரேச்சல் லூயிஸ் கார்சன் 1907-ஆம் ஆண்டு மே மாதம் 27-ஆம் நாள், பென்சில்வேனியா மாகாணத்தில் அலெகேனி ஆற்றங்கரையிலுள்ள ஸ்பிரிங்டேல் என்னும் சிற்றூரில், மக்கள் மூவருள் இளையவராய்ப் பிறந்தார். தந்தையார் செல்வரல்லர். தாயார் மரியா ஒரு குருவானவரின் புதல்வியார். மணத்திற்கு முன் ஆசிரியையாய் இருந்தவர். குழந்தையைத் தோட்டத்திற்கும் வனத்திற்கும் கைப்பிடித்து அழைத்துச் சென்று, புள்ளினங்களின் குரலையும் பூச்சிகளின் தொழிலையும் அறியச் செய்தவர் அத்தாயாரே. பதினொரு வயதளவில் இரேச்சல் எழுதிய சிறுகதையொன்று சிறுவர் பத்திரிகையில் அச்சாயிற்று. அன்று முதல் எழுத்தாளர் ஆவதே அவர் விருப்பம்.

அவ்விருப்பத்துடனேயே பெண்கள் கலாசாலையொன்றில் ஆங்கில இலக்கியம் பயிலச் சேர்ந்தார். அங்கே மேரி ஸ்கின்கர் என்னும் ஆசிரியை நடத்திய உயிர்நூல் வகுப்பு அவர் மனத்தைத் திருப்பிவிட்டது. இலக்கியத்தைக் கைவிட்டு விஞ்ஞானத்திற்குச் சென்றார். எழுத்து தம்மைவிட்டு நீங்கிற்றென்றே அப்பொழுது எண்ணினார். எழுதுதற்குரிய பொருளே அப்பொழுதுதான் கிடைத்ததென்பது பின்னரே விளங்கிற்று. பாடம் மாற்ற எண்ணித் தயங்கும் நம் மாணவர் இதனைக் கருதுவாராக. 1929-இல் பட்டம் பெற்று, 1932-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையில் விலங்கியலில் எம்.ஏ. தேறினார். மேலும் பயின்று டாக்டர் பட்டம் பெறக் குடும்பத்தின் வறுமை இடந்தரவில்லை. 1935-இல் தந்தையார் இறந்தார். 1937-இல் தமக்கையார் இறக்க, தாயற்ற பெண்மக்கள் இருவரும் இவர் பொறுப்பாயினர்.

அரசாங்க மீன்வளத்துறையில் வானொலிக்கு உரைகள் எழுதிக் கொடுக்கும் சிறுபணி முதலிற் கிடைத்தது. 1936-இல் தேர்வெழுதி அத்துறையின் விஞ்ஞான உத்தியோகத்தில் அமர்ந்தார். பகலில் அலுவல், இரவில் எழுத்து. 1941-இல் வெளிவந்த முதல் நூல் போரின் ஆரவாரத்தில் விலைபோகாமல் மறைந்தது. 1951-இல் வெளிவந்த ‘நம்மைச் சூழ்ந்த கடல்’ என்னும் நூலோ, 86 வாரங்கள் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் விற்பனைப் பட்டியலில் நின்றது. மறுவருடம் உத்தியோகத்தைத் துறந்தார். மெயின் மாகாணத்துக் கடற்கரையில் சிறு குடிலொன்று அமைத்துக்கொண்டு, பாறை இடுக்குகளில் அலை விட்டுச் செல்லும் சிற்றுயிர்களைப் பூதக்கண்ணாடியால் ஆராய்ந்து இன்புற்றிருந்தார். அவர் வாழ்வு அவ்வளவில் முடிந்திருப்பினும் நல்லாசிரியர் என்னும் பெயர் நிலைத்திருக்கும்.

இனி, டி.டி.டி.யின் வரலாற்றைச் சிறிது கூறல் வேண்டும். 1874-இல் ஒரு மாணவர் ஆராய்ச்சிக்கூடத்தில் ஆக்கி, பயனறியாமல் விட்ட பொருள் இது. 1939-இல் சுவிட்ஸர்லாந்துத் தேசத்துப் பால் முல்லர் என்பார் இது பூச்சிகளைக் கொல்லுமெனக் கண்டார். 1948-இல் நோபெல் பரிசும் பெற்றார். போர்க்களத்தில் படைவீரரைப் பேனினின்றும் கொசுவினின்றும் காத்த புகழோடு, போர் முடிந்ததும் இது வீடுகளுக்கும் வயல்களுக்கும் வந்துவிட்டது. கார்சன் அம்மையார் 1945-இலேயே இதன் தீங்கைப் பற்றிக் கட்டுரை எழுத முன்வந்தார். அவர் அணுகிய புகழ்வாய்ந்த பத்திரிகை வேண்டாவென்று மறுத்தது. ஐயம் மட்டும் அவர் உள்ளத்தில் உறைந்து கிடந்தது.

1958-ஆம் வருடம் ஜனவரியில், மாசசூசெட்ஸ் மாகாணத்தில் பறவைகளுக்கெனத் தோப்பொன்று வளர்த்துவந்த ஹக்கின்ஸ் என்னும் அம்மையார், கொசு ஒழிப்பிற்காக விமானத்திலிருந்து தெளிக்கப்பட்ட மருந்தினால் தம் பறவைகள் மடிந்த கொடுமையைப் பத்திரிகைக்கு எழுதினார். தோழியாராகிய கார்சனுக்கும் தெரிவித்தார். அவ்வாண்டிலேயே, பழனிமலைக்கு அப்பாலுள்ள கேரள நாட்டில் பெருந்துயரொன்று நிகழ்ந்தது. கப்பலில் பாரதியான் என்னும் பூச்சிமருந்தோடு ஒருங்கே ஏற்றி வந்த கோதுமை மாவில் மருந்து ஒழுகிக் கலக்க, அம்மாவை உண்டவருள் ஏறத்தாழ 100 பேர் இறந்தனர். அதன் விளைவாக எழுந்த விசாரணைகளே பின்னர் 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்திற்கு வித்தாயின. தோப்பில் விழுந்த பறவைக்கும் சமையற்கட்டில் விழுந்த மனிதனுக்கும் இடையே உள்ள தொலைவு மிகச் சிறிதென்பதற்கு வேறு சான்று வேண்டா.

நான்காண்டு உழைப்பின்பின், 1962-ஆம் வருடம் செப்டம்பர் 27-ஆம் நாள் ‘மௌன வசந்தம்’ வெளிவந்தது. அதிற் கூறிய செய்திகளுள் ஒன்றை மட்டும் சுருக்கி உரைப்போம். கலிபோர்னியாவில் கிளியர் ஏரி என்பதொன்று உண்டு. அங்குக் கூடிய சிறுபூச்சிகளை ஒழிக்க, டி.டி.டி.யின் இனமான மருந்தொன்றை 1949-இல் 7 கோடி பங்கு நீருக்கு ஒரு பங்கென்ற அளவில் கலந்தனர். பின்னர் இருமுறையும் கலந்தனர். நீரில் மருந்து இருந்ததாகவே தோன்றவில்லை. ஆனால் நீரிலுள்ள நுண்ணுயிர்கள் அதனைத் தம்முட் சேர்த்தன. அவற்றைத் தின்ற மீன்கள் மேலும் சேர்த்தன. மீனைத் தின்று வாழும் முக்குளிப்பான் பறவைகள் கூட்டங்கூட்டமாய் மடிந்தபோது, அவற்றின் கொழுப்பில் பத்து லட்சத்திற்கு 1,600 பங்கு வரை மருந்து காணப்பட்டது. உணவுச் சங்கிலியின் மேற்படிக்கு ஏற ஏற நஞ்சு பெருகுகின்றது. அச்சங்கிலியின் மிக மேலே வீற்றிருப்பவன் மனிதன். அவனினும் ஒருபடி மேலே, தாயின் பாலைப் பருகும் குழந்தை.

நூலின் ஓர் அதிகாரம் முழுதும் வீட்டைப் பற்றியது. வயலைப் பற்றி எழுதியவர் பலர். சமையலறை அலமாரியைத் திறந்து பார்த்தவர் இவ்வம்மையாரே. அலமாரித் தட்டில் விரிக்கும் அழகிய காகிதத்தின் இருபுறமும் பூச்சிமருந்து. தரைக்கு இடும் மெழுகிலும் பூச்சிமருந்து. கம்பளியில், மேனியிற் பூசும் தைலத்தில், அறையில் ஆவியாய்ப் பரவும் கருவியில் எல்லாம் அதுவே. கடையில் ஊறுகாய்ப் புட்டிக்கு அருகே, குழந்தையின் கைக்கெட்டும் உயரத்தில், கொடிய நஞ்சு அடுக்கப்பட்டிருந்ததை அவர் கண்டார். எச்சரிக்கையோ கண்ணுக்குப் புலப்படாத சிற்றெழுத்தில் இருந்தது. இல்லத்தரசி மடமையால் நஞ்சை வாங்கினாளல்லள். தூய்மை என்னும் பெயரால் அது விற்கப்பட்டமையாலேயே வாங்கினாள். எதனை வாங்குகின்றோம் என்பதை அறியும் உரிமை அவளுக்கு உண்டென்பதே கார்சன் அம்மையாரின் வழக்கு.

ஹார்மோன் என்பதைப் பற்றியும் அவர் எழுதினார். நம் உடம்பில் நாளமில்லாச் சுரப்பிகள் மிகச் சிறிய அளவில் இரத்தத்திற் கலக்கும் நீர்களுக்கு அப்பெயர். வளர்ச்சி, பூப்பு, கருத்தரித்தல், உடற்சூடு ஆகியவை இவற்றின் ஆணைக்கு அடங்கியவை. கல்லீரல் பழுதுற்றால் பெண்மை ஹார்மோன் அளவு மீறித் தேங்கும் என்றும், பூச்சிமருந்துகள் கல்லீரலைப் பழுதாக்குவன என்றும் அவர் வாதித்தார். அவர் காட்டிய அவ்வழியே முற்றும் சரியென்று நாம் சொல்லத் துணியோம். சென்று சேர்ந்த இடம் சரியே. 1950-இலேயே சிராக்கூஸ் சர்வகலாசாலையார் இளஞ்சேவல்களுக்கு டி.டி.டி. கொடுத்துப் பார்த்தபொழுது, அவற்றின் விரைகள் வளராமல், கொண்டையும் தாடியும் சிறுத்து நின்றன. அம்மருந்தின் ஒரு வடிவம் பெண்மை ஹார்மோனைப் போலவே நடிக்கின்றதென்பது பின்னர்த் தெளிவாயிற்று. திறவுகோல் அல்லாத ஒன்று பூட்டில் நுழைந்து கதவைத் திறப்பதுபோல்வது இது. 1991-இல் தியோ கோல்பர்ன் அம்மையார் கூட்டிய விஞ்ஞானியர் சபை, இத்தகைய பொருள்களுக்கு ஹார்மோன் நிலையைக் குலைப்பவை என்னும் பொருள்படப் பெயரிட்டது. 2013-இல் உலகச் சுகாதார நிறுவனமும் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பும் வெளியிட்ட அறிக்கை, அவ்வாறு ஐயுறத்தக்கவை ஏறத்தாழ 800 எனக் கணக்கிட்டது.

அவை பூச்சிமருந்துகள் மட்டுமல்ல. நெகிழிப் பொருள்களைக் கடினமாக்கும் பிஸ்பினால்-ஏ, மென்மையாக்கும் தாலேட்டுகள் ஆகியவையும் அவ்வினத்தனவே. பிஸ்பினால்-ஏ பெண்மை ஹார்மோனைப்போல் நடக்குமென்பதை லண்டனில் சார்லஸ் டாட்ஸ் என்னும் மருத்துவர் 1936-இலேயே கண்டறிந்திருந்தார். அதன்பின்னரே அது பாத்திரங்களுக்கும் பால் புட்டிகளுக்கும் உரிய நெகிழியாயிற்று! அறிந்தும் மறந்தமைக்கு இதனினும் வியப்பான சான்றை நாம் கண்டதில்லை. அதனைக் குழந்தைகளின் பால் புட்டியினின்று விலக்க உலக நாடுகள் 2010-ஆம் ஆண்டு வரை காத்திருந்தன. நம் நாடு 2015-இல் விலக்கிற்று.

அம்மையார் நம் வத்தலக்குண்டில் ஒரு வீட்டினுள் இன்று புகுந்தால் எதனை நோக்குவார் என்று நாம் சிந்தித்ததுண்டு. சூடு, எண்ணெய், புளிப்பு என்னும் மூன்றுமே நெகிழியிலுள்ள பொருள்களைப் பிரித்து உணவிற் கலப்பவை. உணவு விடுதியிலிருந்து கொதிக்கக் கொதிக்கப் பையிற் கட்டி வரும் சாம்பாரில் அம்மூன்றும் ஒருங்கே உள்ளன. பை எல்லாவற்றிலும் தீய பொருள் உண்டென்று நாம் கூறவில்லை. எதில் உண்டு, எதில் இல்லை என்பது வாங்குவோர்க்குத் தெரிவதில்லை, அவ்வளவே. தூக்குவாளியை உடன் கொண்டு செல்லுதல் நம் பாட்டனார் காலத்து வழக்கம். வாழையிலைக்கோ இவ்வூரிற் பஞ்சமில்லை. அவ்விலையை மலையேறும் யாத்திரிகர்க்கு விற்றுவிட்டு, நாம் நெகிழித் தட்டில் உண்பது விந்தையே. 2019-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்கள் பல விலக்கப்பட்டுள்ளன. கடைத்தெருவில் நடந்தால் அச்சட்டம் நினைவிற்கு வருவதில்லை.

கடைவாயிலில் வெயிலிற் காயும் 20 லிட்டர் தண்ணீர்க் கேன்களை அவர் நிச்சயம் நோக்குவார். மண்பானையிலோ எவர்சில்வர்ப் பாத்திரத்திலோ நீரை வைத்தல் எளிது. பூச்சிமருந்து வந்த டப்பாவைக் கழுவி எண்ணெய்க்கும் தானியத்திற்கும் வைத்துக்கொள்ளும் வழக்கம் தோட்டவீடுகளில் இன்னும் முற்றும் ஒழியவில்லை. எத்துணை முறை கழுவினும் அது தகாது. மலைத்தோட்டங்களிலிருந்து இறங்கும் முட்டைக்கோசின் மேலிலைகளை நீக்கியும், மற்றக் காய்களை ஓடும் நீரில் தேய்த்துக் கழுவியும் சமைத்தால் மேற்பரப்பிலுள்ள மருந்திற் பெரும்பகுதி போம். உள்ளே ஊறியது போகாது. வீட்டுத் தூசியிலும் இப்பொருள்கள் படிகின்றன. தரையில் தவழ்ந்து விரலைச் சூப்பும் குழந்தைக்கே அதனால் மிகுந்த பங்கு. உலர்ந்த துடைப்பம் தூசியை எழுப்பும். ஈரத்துணி அதனை எடுக்கும். வாசனைப் பவுடரும் தைலமும் குழந்தைக்கு வேண்டியவை அல்ல. அவற்றின் மணத்தை நிலைநிறுத்தத் தாலேட்டுகளைச் சேர்ப்பதுண்டு. கொசுவிற்கு வலையினும் சிறந்த காவல் இல்லை. இவற்றுள் எதுவும் பெருஞ்செலவு உடையதன்று என்பதை மட்டும் இல்லறத்தார் கவனிப்பாராக.

கார்சன் அம்மையார் டி.டி.டி.யை உலகினின்றே ஒழிக்கச் சொன்னார் என்றும், அதனால் மலேரியா பெருகிற்று என்றும் பழிப்பாருண்டு. அஃது உண்மையன்று. நோயைப் பரப்பும் பூச்சியை அடக்க வேண்டாவென்று அவர் எங்கும் எழுதவில்லை. கண்டபடி எங்கும் தெளித்தால் பூச்சிகள் மருந்தை வெல்லக் கற்றுக்கொள்ளும், பின்னர் நோய்க்காலத்தில் மருந்து பயன்படாது என்றே எச்சரித்தார். நம் நாட்டில் 1976-இல் மலேரியா மீண்டும் தலைதூக்கி 64 லட்சம் பேரைப் பற்றியதற்குக் கொசுக்கள் மருந்தை எதிர்த்து நிற்கக் கற்றதும் ஒரு காரணம். வயல்களில் டி.டி.டி.யை விலக்க 1989-இல் இந்திய அரசாங்கம் ஆணை பிறப்பித்தது. அமெரிக்கா 1972-இலேயே விலக்கியிருந்தது.

நூல் வெளிவருமுன்னரே இரசாயனக் கம்பெனி ஒன்று வழக்குத் தொடுப்பதாக அச்சுறுத்திற்று. விஞ்ஞானி அல்லர், மணமாகாத கிழவி, பூனை வளர்ப்பவள், பயந்தாங்கொள்ளி என்றெல்லாம் வசைகள் எழுந்தன. டாக்டர் பட்டம் பெறாத குறையைச் சுட்டினோர் பலர். நூலின் இறுதியில் 50 பக்கங்களுக்கு மேல் நிறைந்த ஆதாரங்களைப் படித்தோர் சிலரே. 1963-ஆம் வருடம் ஏப்ரல் 3-ஆம் நாள் தொலைக்காட்சியில் இவ்விஷயம் விவாதிக்கப்படவிருந்தபொழுது, விளம்பரதாரர் ஐவரில் மூவர் விலகிக்கொண்டனர். நிகழ்ச்சி நின்றுவிடவில்லை. வெண்மேலங்கி அணிந்த விஞ்ஞானி ஒருவர் எதிர்ப்புறத்தில் முழங்க, அம்மையார் நாற்காலியில் அமர்ந்து, குரலை உயர்த்தாமல் தம் காரணங்களைச் சொன்னார்.

அவர் அமர்ந்து பேசியதன் காரணத்தை அன்று கண்டோர் அறியார். 1960-ஆம் வருடம் வசந்தகாலத்தில், நூல் பாதி எழுதிய நிலையில், அவருக்கு மார்பில் அறுவை சிகிச்சை நடந்தது. புற்றுநோயா என்று அவர் வினவ, மருத்துவர் அன்றென்று கூறிவிட்டார். நோயாளியிடம், அதிலும் பெண்ணிடம், மெய்யை மறைப்பது அக்காலத்தில் இரக்கமெனக் கருதப்பட்டது போலும். நோய் பரவியபின், அவ்வாண்டு டிசம்பரில், வேறு மருத்துவர் ஒருவரே உண்மையை உரைத்தார். எழுதிக்கொண்டிருந்த நூலோ, தம் உடம்பிற் புகுவது யாதென்பதை அறியும் உரிமை பற்றியது! சரிதத்தில் இவ்விடத்தைக் கடக்க நமக்கு மனம் வரவில்லை. அவர் நோய் இரசாயனத்தால் வந்ததென்று எவரும் சொல்ல இயலாது, அவரும் சொன்னதில்லை. மாறாக, நோயையே மறைத்துவைத்தார். வெளிப்பட்டால், தன் துயரத்தால் கசந்தெழுதினாள் என்று எதிரிகள் தள்ளிவிடுவர் என்பது அவர் அச்சம். கதிர் சிகிச்சையும், மூட்டு நோயும், சில வாரங்கள் எழுத்தைக் காணவிடாத கண்ணழற்சியும் தாங்கி நூலை முடித்தார். உதிர்ந்த தலைமுடியைப் பொய்ம்முடியால் மறைத்துக்கொண்டே அரங்குகளில் தோன்றினார்.

1963 மே 15-இல் ஜனாதிபதி கென்னடியின் விஞ்ஞான ஆலோசனைக் குழு வெளியிட்ட அறிக்கை பெரும்பாலும் அவர் கூற்றை ஏற்றது. ஜூன் 4-இல் செனட் சபையின் குழுவின்முன் சாட்சி சொன்னார். தன் வீட்டில் பிறர் தெளிக்கும் நஞ்சினின்றும் காக்கப்படுதல் குடிமகனின் உரிமை என்று அங்கே வற்புறுத்தினார். ஓர் ஆண்டு நிறையவில்லை. 1964 ஏப்ரல் 14-ஆம் நாள், மேரிலாண்டிலுள்ள தம் இல்லத்தில், 56-ஆம் வயதில் காலமானார்.

1957-இல் தமக்கையாரின் மகளும் இறக்க, அவருடைய ஐந்து வயதுப் புதல்வன் ரோஜரை அம்மையார் தத்தெடுத்து வளர்த்துவந்தார். மௌன வசந்தத்தின் பக்கங்கள் பல, அச்சிறுவன் உறங்கியபின் எழுதப்பெற்றவை. மீண்டும் தாயற்றவனாகிய ரோஜருக்கு அப்பொழுது 12 வயது. அம்மையாரின் சாம்பலிற் பாதி தாயாரின் கல்லறைக்கு அருகே புதைக்கப்பட்டது. மறுபாதியை அவர் தோழியார் டாரதி பிரீமன், மெயின் கரையிலுள்ள சவுத்போர்ட் தீவிற்குக் கொண்டுசென்று, இருவரும் அமர்ந்து அலைகளை நோக்கிய பாறையருகே கடலில் விட்டார்.